கயிறும் மாத்திரையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தம்பிக்கு 38 வயது. கொத்தனார் வேலை. பல வருடங்களாகக் குடி. கடைசி மூன்று வருடமாகக் காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கரண்டியைப் பிடிக்கவே முடியும் என்ற நிலை. ஆடி மாதம் அம்மா அவனைக் குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துப்போய்க் கையில் கயிறு கட்டவைத்தார். "இனிக் குடிப்பதென்றால் இங்கே வந்து இந்தக் கயிற்றை அவிழ்த்து வைத்துவிட்டுத்தான் குடிக்க வேண்டும்" என்று பூசாரி சத்தியம் வாங்கினார். தம்பி உண்மையாகவே நிறுத்தினான். மறுநாள் இரவு வலிப்பு வந்தது. பக்கத்து கிளினிக்கில் ஒரு குளுகோஸ் பாட்டில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தான், செத்துப்போன அப்பாவோடு பேசினான். சாமி சோதிக்கிறது என்று வீட்டில் திருநீறு பூசினார்கள். நான் போய்ச் சண்டை போட்டு அரசு மருத்துவமனையில் சேர்த்தேன். பிழைத்தான்.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறான். இரண்டு மாதமாகக் குடிக்கவில்லை. அம்மாவோ, "மாத்திரையும் ஒரு போதைதானே, சத்தியத்துக்கு மதிப்பே போய்விட்டது" என்கிறார். என் கணவர் ஓர் ஆன்மிக மறுவாழ்வு இல்லத்தில் மூன்று மாதம் விடலாம் என்கிறார். அங்கே பூஜையும் தியானமும்தான், மருந்தே கிடையாதாம். முதல் மாதம் யாரும் போய்ப் பார்க்க முடியாதாம். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அம்மாவையும் கோயிலையும் இவனிடமிருந்து விலக்கினால்தான் இவன் பிழைப்பான் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

ம.
திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள ம.,

உங்கள் தம்பியை அந்த இல்லத்தில் விடாதீர்கள். மருத்துவர் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தவிடாதீர்கள். ஆனால் அம்மாவையும் கோயிலையும் விலக்க வேண்டும் என்ற முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள். நீங்கள் பட்ட பாட்டுக்கு அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனாலும் அந்த முடிவு உங்கள் தம்பிக்கு நல்லதல்ல.

அந்த மூன்று நாளில் என்ன நடந்தது என்பதை முதலில் அம்மாவுக்குப் புரியவைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குடிக்கிறவரின் மூளை, மது தன்னை மந்தமாக்குவதற்கு ஈடுகொடுக்கத் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. மது திடீரென்று நின்றால் அந்த வேகத்தைத் தடுக்க ஒன்றுமில்லை. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரியும், இல்லாத குரல்கள் கேட்கும், காய்ச்சலும் படபடப்பும் ஏறும். கவனிக்காமல் விட்டால் ஆள் இறந்துபோகலாம். உங்கள் தம்பி பார்த்த பூச்சியும் அப்பாவும் அங்கிருந்து வந்தவர்கள். சாமி சோதிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நீண்டநாள் குடித்தவர்களின் உடம்பில் தயமின் என்கிற பி1 வைட்டமின் வற்றிக் கிடக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுகோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்ச தயமினும் செலவாகி, மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு வரக்கூடும். நம் ஊர்களில் எந்தச் சோர்வுக்கும் ஒரு பாட்டில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இவர் குடிக்கிறவர், நேற்றோடு நிறுத்தினார் என்று எந்த மருத்துவரிடமும் வெட்கப்படாமல் முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் அம்மா மனதில் ஓர் ஒப்பீடு ஓடிக்கொண்டிருக்கும் என்று ஊகிக்கிறேன். ஐயப்பனுக்கு மாலை போடுகிற எத்தனையோ பேர் 41 நாள் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருக்கிறார்களே, இவனால் ஏன் முடியவில்லை? அவர்களில் பெரும்பாலோர் காலையில் கை நடுங்காதவர்கள். அவர்களுடைய உடம்பு மதுவுக்கு ஏங்கலாம், ஆனால் மது இல்லாமல் நிலைகுலைந்துபோகிற கட்டத்துக்கு இன்னும் வரவில்லை. உங்கள் தம்பி அந்தக் கட்டத்தைத் தாண்டியவர். இது பக்தியின் அளவில் உள்ள வித்தியாசமே அல்ல.

அதே நேரம் அந்த 41 நாளை எளிதாக ஒதுக்கவும் என்னால் முடியவில்லை. விடியுமுன் குளியல், கறுப்பு வேட்டி, மாலையில் பஜனை, ஊரே "சாமி" என்று அழைக்கிற மரியாதை, ஊற்றிக் கொடுக்க வந்த நண்பன்கூடத் தானாக விலகிப்போவது. குடியில் தன் மதிப்பையெல்லாம் இழந்த ஒருவனுக்கு இவ்வளவையும் ஒரே நாளில் திருப்பிக் கொடுக்க வேறு எந்த ஏற்பாடு நம்மிடம் இருக்கிறது? மாலையைக் கழற்றிய அன்றைக்கே இது அத்தனையும் போய்விடுகிறது என்பதுதான் அதன் குறை.

நம்பிக்கையும் மருந்தும் சேராது என்று சொல்கிறவர்களிடம் ஒரு வரலாற்றைச் சொல்லுங்கள். கடவுளை முன்வைத்துக் குடியை நிறுத்தும் முறைகளில் உலகெங்கும் பரவியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் என்ற இரண்டு குடிநோயாளிகள் சந்தித்ததில் பிறந்த இயக்கம். அதற்கு முந்தைய டிசம்பரில் பில் வில்சனுக்கு ஓர் ஆன்மிக அனுபவம் கிடைத்தது. அவர் வாழ்க்கையையே திருப்பிப்போட்ட அனுபவம் அது. அது கிடைத்தபோது அவர் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் மதுவை நிறுத்தும் சிகிச்சையில் இருந்தார். சிகிச்சை கொடுத்த சில்க்வொர்த் என்ற மருத்துவர், 1939இல் அந்த இயக்கம் வெளியிட்ட நூலில் தன் மருத்துவக் கருத்தை எழுதிச் சேர்த்திருக்கிறார்.

அதே 1939இல், அதே ஆக்ரனில் நடந்தது எனக்கு இன்னும் நெருக்கமானது. குடிகாரர்களைச் சேர்த்துக்கொள்ள மருத்துவமனைகள் மறுத்துவந்த காலம். செயின்ட் தாமஸ் கத்தோலிக்க மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் மேசையில் இருந்தவர் சிஸ்டர் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரி. டாக்டர் பாப் கொண்டுவந்த ஒருவரை இரைப்பை அழற்சி என்று பதிவேட்டில் எழுதி உள்ளே சேர்த்தார். அடுத்து இன்னொருவர், பிறகு இன்னொருவர். காலப்போக்கில் அங்கே குடிநோயாளிகளுக்கென்றே தனி வார்டு வந்தது. குணமாகிக் கிளம்புகிற ஒவ்வொருவர் கையிலும் அவர் இயேசுவின் திரு இருதயப் படம் பொறித்த சிறிய பட்டயம் ஒன்றைக் கொடுப்பார். மறுபடி குடிக்க நினைத்தால் முதலில் வந்து இதை என்னிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை.

உங்கள் பூசாரி கேட்ட சத்தியமும் அச்சு அசல் இதுதான். ஒரே வேறுபாடு, சிஸ்டர் இக்னேஷியா படுக்கையை முதலில் கொடுத்தார், பட்டயத்தைக் கடைசியில் கொடுத்தார். உங்கள் தம்பிக்குக் கயிறு முதலில் வந்துவிட்டது. அந்த வரிசையை மாற்றச் சொல்லித்தான் நாம் பூசாரிகளிடமும் போதகர்களிடமும் தர்காக்களிலும் கேட்க வேண்டும். கயிறு கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: "காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறதா, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா?" ஆம் என்றால், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வா, சாமி இங்கேதான் இருக்கும் என்று அவர் சொன்னால் போதும். மருத்துவர் சொல்லிக் கேட்காதவனும் பூசாரி சொன்னால் போவான்.

ஆனால் எங்கே போவான்? கோபம் வரவேண்டிய இடம் இது, ம. உங்கள் அம்மா கோயிலுக்குப் போனது மூடநம்பிக்கையால் மட்டும் அல்ல. கோயில் நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது, பணம் கேட்பதில்லை, குடிகாரனைப் பெற்றவள் என்று அங்கே யாரும் முகத்தைச் சுளிப்பதில்லை. மனநல மருத்துவரைப் பார்க்க மாவட்டத் தலைநகருக்கு பஸ் ஏற வேண்டும், ஒரு நாள் கூலி போகும். அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு மதியத்தோடு முடிகிறது. டாஸ்மாக் கடை மதியம் 12 மணிக்குத் திறக்கிறது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கும் அரசு, 2023-24 நிதியாண்டில் அதன் வழியாக ஈட்டியது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. படுக்கையில் சேர்த்துச் சிகிச்சை கிடைப்பது 180 பேரில் ஒருவருக்கு. விற்கிற கடை இருக்கிற ஒவ்வொரு வட்டத்திலும் நான்கு படுக்கை கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

முடியாத காரியமும் அல்ல. குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். நகரத்துக்கு வர முடியாதவர்களுக்காக 1980களின் இறுதியிலேயே தஞ்சை வட்டாரத்தின் மஞ்சக்குடியில் முகாம் போட்டு, ஊர்க்காரர்கள் துணையோடு அங்கேயே சிகிச்சை கொடுத்தார்கள். குஜராத்தின் உனாவாவில் மீரா தாதார் தர்காவிலும், பிறகு நம் ஏர்வாடியிலும், துஆவுக்கு, அதாவது பிரார்த்தனைக்கு வருகிறவர்களை அங்கேயே மனநல மருத்துவர் பார்க்கும் ஏற்பாடு வந்தது. துஆவை விட்டுவிட்டு வா என்று யாரையும் அங்கே சொல்வதில்லை.

ஏர்வாடிக்கு அந்த ஏற்பாடு வருவதற்கு முன் நாம் கொடுத்த விலையை மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலை, அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட வழியின்றி இறந்தார்கள். "முதல் மாதம் யாரும் பார்க்க முடியாது" என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. உங்கள் கணவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். அவரிடம் இதைக் காட்டுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநலப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. சிகிச்சை பெறுவதை உரிமை என்கிறது, எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது. மறுவாழ்வு இல்லம் எதுவானாலும் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா, மருத்துவர் எந்தெந்தக் கிழமை வருகிறார், இரவில் வலிப்பு வந்தால் என்ன செய்வார்கள், வீட்டார் எப்போது பேசலாம் என்று கேளுங்கள். மருந்தே கிடையாது என்பதைப் பெருமையாகச் சொல்கிற இடத்தில் வேறு எந்தக் கேள்விக்கும் அவசியமில்லை.

மாத்திரையும் போதைதானே என்ற அம்மாவின் பேச்சில் ஒரு துளி உண்மை உண்டு. மதுவை நிறுத்தும் முதல் சில நாட்களில் வலிப்பைத் தடுக்கக் கொடுக்கும் டயஸீபாம் வகை மருந்துகள் நீண்டநாள் சாப்பிட்டால் பழக்கமாகக்கூடியவை. அதனால்தான் அவற்றைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். தம்பியின் சீட்டில் அவை இன்னும் இருக்கின்றனவா என்று கேளுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குடிக்கும் வேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவை அப்படிப்பட்டவை அல்ல. இவை இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2023இல் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்ற விளம்பரத்தைப் பார்த்து மட்டும் யாரும் எதையும் வாங்கிவிட வேண்டாம். டைசல்ஃபிராம் போன்ற மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால், இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இனி வரப்போகிற மாதங்களுக்கு அம்மாவின் நம்பிக்கை வேண்டும். மாத்திரை வேட்கையைக் குறைக்கும். வேலை முடிந்த சாயங்காலம் எங்கே போவது, யாரோடு உட்காருவது என்பதை அது சொல்லாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கு ஆட்களை முறையாக ஆற்றுப்படுத்தும் வழி, பெயர்பெற்ற மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட நல்ல பலன் தருகிறது என்று அது கண்டது. வெளியாரும் வரக்கூடிய அந்தக் கூட்டங்களில் நான் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். தேவாலயப் பள்ளியின் வகுப்பறை, குட்டைப் பெஞ்சுகள், பிளாஸ்டிக் கோப்பையில் தேநீர். ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி. இன்றைக்குக் குடிக்கவில்லை" என்றார். பக்கத்தில் இருந்த வங்கி அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கட்டணம் கிடையாது. கடவுள் என்பதை அவரவர் புரிந்துகொண்டபடி வைத்துக்கொள்ளலாம். மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்து என்று யாராவது அங்கே சொன்னால், அது அவருடைய சொந்தக் கருத்து. உறுப்பினர் எவரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்பது அந்த இயக்கம் அச்சிட்டே சொன்ன நிலைப்பாடு.

அருகில் எங்கே கூட்டம் நடக்கிறது என்பதை மருத்துவமனையின் ஆலோசகரிடம் கேளுங்கள். இரவில் அவசரமாகப் பேச வேண்டுமானால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற கூட்டங்களும் நடக்கின்றன. அவற்றுக்கு நீங்கள் போக வேண்டும் என்று விரும்புகிறேன். உங்கள் கடிதம் முழுக்கத் தம்பியும் அம்மாவும் கணவரும்தான் இருக்கிறார்கள், உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். அந்த மூன்று நாளில் நடந்ததை மருத்துவர் வாயால் அவர் கேட்கட்டும். தம்பியின் கையில் இருக்கும் கயிறு இருந்துவிட்டுப் போகட்டும். வெள்ளிக்கிழமை விரதத்தன்று மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்பதையும் அம்மாவே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

அன்புடன்.