கோழியோடு கூஸ் வாத்து: சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் நாட்டுக்கோழி இருக்கிறது, கூடவே கூஸ் வாத்தும் விடலாமா என்று கேட்டவர்களுக்கான பதில்கள். நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் நெற்றியில் புடைப்பு உள்ள சீன வகையும் அதன் கலப்பும்தான். அதை வைத்தே சொல்கிறேன்.

ஓமலூர்: எத்தனை வாங்கி ஆரம்பிக்கட்டும் அக்கா? எங்களுக்கு 5 சென்ட் இடம், 12 கோழி இருக்கு.

மூன்று போதும்: ஆண் 1, பெண் 2. ஒற்றையாக வாங்காதீர்கள். துணை இல்லாத கூஸ் நாளெல்லாம் கத்தும், கோழிகளை விடாமல் சுற்றிவரும். ஏக்கருக்கு 20 முதல் 40 கூஸ் மேயலாம் என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் நல்ல புல் இருந்தாலும் மூன்றுக்கு 7, 8 சென்ட் வேண்டும். உங்கள் 5 சென்ட்டில் தினமும் கொஞ்சம் புல் அறுத்துப் போட வேண்டியிருக்கும். இளம் அருகம்புல்லும் குதிரைமசாலும் விரும்பித் தின்னும். கோ-4 தீவனப்புல் போட்டால் இளந்தழையை மட்டும் நறுக்கிப் போடுங்கள், தண்டைத் தொடாது.

அம்மாபேட்டை: தெருவுக்குள்ள வீடுங்க. சத்தம் பிரச்சினை ஆகுமா?

ஆகும். ராத்திரி யாராவது நடந்தாலே கத்தும். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடு என்றால் வேண்டாம்.

ஆத்தூர்: கூஸ் குஞ்சையும் கோழிக்குஞ்சையும் ஒரே புரூடர்ல (பல்பு போட்டுச் சூடாக்குற குஞ்சுக் கூண்டு) விட்டேன். பத்தே நாள்ல கூஸ் குஞ்சுக்குக் கால் வளையுது, நடக்க முடியாம உட்காருது. என்ன காரணம்?

பெரும்பாலும் நியாசின் (பி3 வைட்டமின்) பற்றாக்குறை. கோழிக்குஞ்சுத் தீவனத்தில் இருக்கும் அளவு கூஸ் குஞ்சுக்குப் பற்றாது, ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்கும். ஒரு கிலோ தீவனத்துக்கு 50 கிராம் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் கலந்து கொடுங்கள். கால் ஏற்கெனவே வளைந்திருப்பதால், கால்நடை மருந்துக்கடையில் பி-காம்ப்ளக்ஸ் டானிக் வாங்கி, பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் தண்ணீரில் கலந்தும் கொடுங்கள். சீக்கிரம் ஆரம்பித்தால் பெரும்பாலும் தேறிவிடும். மூட்டு இறுகிவிட்டால் நிமிராது.

அடியில் என்ன விரித்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். செய்தித்தாள் வழுக்கும், கால் பக்கவாட்டில் விரிந்துவிடும். முதல் நாலு நாள் சாக்கு, பிறகு தேங்காய் நார்க்கழிவு. தீவனம் வாங்கும்போது ரத்தக்கழிச்சல் மருந்து கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். கூஸ் குஞ்சு அதிகம் தின்பதால் மருந்தும் அதிகம் உள்ளே போய்விடும்.

முக்கியமாக, இரண்டையும் இன்றே பிரித்து வையுங்கள். கூஸ் குஞ்சு தண்ணீரை அலகால் அள்ளி இறைத்து ஒரு மணி நேரத்தில் தரையைச் சேறாக்கிவிடும். கோழிக்குஞ்சுக்குச் சளியும் ரத்தக்கழிச்சலும் வருவது அந்த ஈரத்தில்தான்.

ஆத்தூர் (மறுபடியும்): பிரிச்சாச்சு. தீவனம் எது வரைக்கும் இப்படியே போடணும்?

மூன்று வாரம் வரை புரதம் 20, 22 சதவீதம் இருக்கட்டும். அதன்பின் 15, 16-க்கு இறக்கிப் புல்லைக் கூட்டுங்கள். இறக்காமல் விட்டால் சிறகு எலும்பை மீறி இறகின் பாரம் கூடி, கடைசி மூட்டு வெளிப்பக்கம் திரும்பிவிடும். ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்த அன்றைக்கே சிறகை இயல்பாக மடித்து, ஒட்டும் பேண்டேஜால் மூன்று நாள் சுற்றுங்கள். வளர்ந்த பிறகு கட்டிப் பயனில்லை. முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குக் காட்டவே வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தலைவாசல்: எங்க பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி), மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்குதான் மலிவு. போடலாமா?

குச்சிக்கிழங்குப் பச்சைத்தழையும் தோலும் வேண்டாம், அதில் சயனைடு உண்டாகும். கிழங்குக் காட்டுக்குள் மேயவும் விடாதீர்கள். காய்ந்த திப்பியில் (கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை) மாவுச்சத்தும் நாரும்தான், புரதம் மிகக் குறைவு. தீவனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்தால் வளர்ச்சி குறையும்.

பயப்பட வேண்டியது புண்ணாக்குக்கும் மக்காச்சோளத்துக்கும்தான். ஈரம் பட்டுப் பூஞ்சை வந்த சரக்கில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை விஷம் இருக்கும். கோழி தாங்கும் அளவிலேயே வாத்தினங்கள் செத்துவிடும். கையில் எடுத்து உடைத்து முகர்ந்து பாருங்கள். மக்கிய வாடையோ முளைப்பக்கம் பச்சை, சாம்பல் பூச்சோ தெரிந்தால் காயவைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள், வெயிலில் அந்த விஷம் போகாது. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் ஏற்றி வையுங்கள்.

வாழப்பாடி: தொட்டி கட்டணுமா? குளம் இல்லாம வளருமா?

வளரும். மூக்குத்துளை முங்கத் தலையை விட்டு எடுக்க ஆழம் இருந்தால் போதும், இல்லாவிட்டால் கண்ணிலும் மூக்கிலும் அழுக்கு கட்டிக்கொள்ளும். அன்னக்கூடை ஒன்று வைத்து தினமும் கொட்டி நிரப்புங்கள். கொட்டும் தண்ணீர் வாழைக்கு நல்ல உரம். கூடைக்குள் ஒரு செங்கல் போட்டு வையுங்கள், தவறி விழும் கோழிக்குஞ்சு ஏறிவரும். கோழிக்குத் தண்ணீர் தனியாக, கூஸ் எட்டாத இடத்தில். தாயில்லாமல் வளரும் கூஸ் குஞ்சை முதல் வாரங்களில் நீந்த விடாதீர்கள், இறகில் எண்ணெய் ஏறியிருக்காது. நனைந்து குளிரில் செத்துப்போகும்.

ஏற்காடு: காபித் தோட்டத்துல களை எடுக்க விடலாம்னு சொல்றாங்க. இங்க குளிர் தாங்குமா?

வளர்ந்த கூஸ் குளிரைத் தாங்கும். ஈரத் தரையும் ஊதக்காற்றும்தான் ஆகாது. கொட்டகைக்குள் மட்டும் காய்ந்த படுக்கை வேண்டும். குஞ்சுக்கு முதல் வாரம் 32 டிகிரி, பிறகு வாரம் 3 டிகிரி குறைக்க வேண்டும். சேலத்தில் நாலாவது வாரம் பல்பை எடுத்துவிடலாம், உங்களுக்கு ராத்திரியில் ஆறு வாரமாவது வேண்டும். பல்புக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஒதுங்கி மூச்சிரைத்தால் சூடு.

களையில் புல்லைத் தின்னும், அகன்ற இலைக் களைகளை அவ்வளவாகத் தொடாது. நிழல் அடர்ந்த இடத்தில் புல்லும் குறைவு. போர்டோ கலவையோ (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து) களைக்கொல்லியோ அடித்த பாத்திக்குள் விடாதீர்கள்.

மேட்டூர்: ராத்திரி ஒரே கொட்டகைல அடைக்கலாமா? நாயை விரட்டுமாமே?

கத்தி எழுப்பும். நாய்க்கூட்டத்தை எதிர்த்து நிற்காது, அடைத்தே ஆக வேண்டும். ஒரே கொட்டகை சரிதான். ஆனால் கூஸ் தரையில் படுக்கும், கோழி கழியில் ஏறும். கழியை ஒரு ஓரமாகக் கட்டினால் எச்சம் கூஸ் முதுகில் விழாது. கூஸ் ஒன்றுக்கு ஒரு சதுர மீட்டர் விடுங்கள். புதிதாக வாங்கியதை மூன்று வாரம் தள்ளி வைத்து, பிறகு ஒரு வாரம் கம்பிவலைக்கு அப்பால் பழக்கி, அதன்பின் சேருங்கள். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) வராமலிருக்க, கோழிகளுக்கு ஏழாம் நாள் லசோட்டா, எட்டாவது வாரம் ஆர்2பி தடுப்பூசி விடுபடக் கூடாது. அந்த நோய் வந்தால் கூஸ் பெரும்பாலும் தப்பிக்கும், கிருமியைச் சுமக்கவும் செய்யும்.

சங்ககிரி: நாட்டுக்கோழியை வச்சு கூஸ் முட்டை அடை வைக்கலாமா?

வைக்கலாம், நாலு முட்டை. சுமார் 30 நாள் ஆகும், அதனால் புதிதாக அடை உட்கார்ந்த கோழியையே தேர்ந்தெடுங்கள். முட்டை கனம், கோழியால் புரட்ட முடியாது. காலையும் மாலையும் நீங்களே புரட்ட வேண்டும். 15-ம் நாளிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். பத்தாம் நாள் செல்போன் டார்ச்சில் பார்த்து, நரம்பு ஓடாததை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று: சந்தையில் கோழியைத் தூக்குகிற மாதிரி கூஸைக் காலைப் பிடித்துத் தொங்கவிட்டுக் கொண்டுவராதீர்கள். இடுப்பு மூட்டு விலகிவிடும். கழுத்தடியை ஒரு கையால் பிடித்து, இரண்டு சிறகையும் உடம்போடு சேர்த்து அணைத்து, வயிற்றுக்குக் கீழே மறுகையால் தாங்கித் தூக்குங்கள்.