டைகர் ஹில் விடியலுக்குப் புதிய கேமரா தேவையா?

கேள்வி: டிசம்பர் இறுதியில் டார்ஜிலிங் சென்று, டைகர் ஹில்லிலிருந்து சூரிய உதயத்தைப் படம் எடுக்க விரும்புகிறேன். என்னிடம் 18-55 மி.மீ. லென்ஸுடன் பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா உள்ளது. விடியற்காலை இருட்டுக்கு அது போதாது, ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராதான் வேண்டும் என்கிறார் கடைக்காரர். தவணையில் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அசையாத மலையை எடுக்கும்போது ஷட்டரைச் சில விநாடிகள் திறந்து வைத்து வேண்டிய ஒளியைச் சேர்க்கலாம் என்பதால், இருட்டுக்கு உங்களிடம் இல்லாதது அதுவரை கேமராவை அசையாமல் தாங்கும் உறுதியான டிரைபாட் (முக்காலி) மட்டுமே. அதைக் கடையிலேயே முழுதும் விரித்து, மேலிருந்து அழுத்தி, கால்கள் வழுக்குகின்றனவா என்று பாருங்கள். கையுறை அணிந்த விரல்களால் பூட்டுகளைத் திறக்க முடிகிறதா என்பதையும் சோதியுங்கள். டிசம்பர் குளிரில் வெறும் கையால் அலுமினியத்தைப் பிடிப்பது எளிதல்ல.

அடுத்தது லென்ஸ். கூட்டம் கிழக்கே சூரியனுக்காகக் காத்திருக்கும்போதே, வடக்கே 8,586 மீட்டர் உயரக் கஞ்சன்ஜங்காவின் உச்சி சிவக்கத் தொடங்கிவிடும். அவ்வளவு தூரம் போய் நீங்கள் தவறவிடக் கூடாதது அந்தச் சில நிமிடங்களைத்தான். சிகரம் 70 கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால் 55 மி.மீ.யில் சிறிதாகவே விழும். ஆகவே தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் 55-250 மி.மீ. போன்ற ஒரு லென்ஸை வாடகைக்கு எடுங்கள், அல்லது பழையதாக வாங்குங்கள். பழையதென்றால் டார்ச் ஒளியை உள்ளே பாய்ச்சி, சிலந்திவலை போன்ற பூஞ்சை தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

குளிரில் லித்தியம் பேட்டரியின் வேதிவினை மந்தமாகிச் சார்ஜ் விரைவில் இறங்கும். எனவே கேமரா நிறுவனத்தின் அசல் பேட்டரி ஒன்றைக் கூடுதலாக வாங்கி, சட்டையின் உட்பையில் உடற்சூட்டிலேயே வைத்திருங்கள். இலவசமாகவே தந்தாலும் லென்ஸின் முன்னே பொருத்தும் மலிவான யு.வி. ஃபில்டர் கண்ணாடியை மாட்டாதீர்கள், சூரியனுக்கு எதிரே அது படத்தில் பொய்யான ஒளிப்புள்ளிகளை உண்டாக்கும்.

பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். அவை இல்லாத பொருளுக்கு இந்தியாவில் உத்தரவாதம் மறுக்கப்பட வாய்ப்புண்டு. வரிசை எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கடையோடு தகராறு ஏற்பட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கும்போது அந்தப் பில்தான் உங்கள் ஆதாரம்.