பத்தாயத்தில் கிடந்த ரிவால்வர்: சில கேள்விகள், சில பதில்கள்

ராணுவத்தில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கும்பகோணம் பக்கம் வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆர்மரர் என்றால் சுடுகிறவன் இல்லை. சுடுகிறவனின் துப்பாக்கியைப் பழுது பார்க்கிறவன். பழைய ரிவால்வர் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாயைக் கொடுத்தேன். டெல்டா முழுக்க இத்தனை பேர் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று அப்போது தெரியாது.

பாபநாசம்: ஐயா, பழைய வீட்டை இடிப்பதற்கு முன் பத்தாயத்தைக் காலி செய்தோம். அடியில் வேட்டித் துணியில் சுற்றி ஒரு ரிவால்வர். மேலே 'வெப்ளி' என்று இருக்கிறது. தாத்தா மிராசுதார், லைசென்ஸ் வைத்திருந்தாராம். அவர் போய் இருபது வருஷம் ஆகிறது. என்ன செய்வது?

முதலில் விரலை விசையிலிருந்து எடுங்கள் தம்பி. உள்ளே தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெப்ளி இங்கிலாந்துக் கம்பெனி, நடுவில் மடிந்து திறக்கும் ரகம். பின்னாலிருந்து தோட்டாவைத் தட்டும் பகுதிக்குச் சுத்தியல் என்று பேர். அதன் பக்கத்தில் இடப்புறம் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதைத் தள்ளிக் குழலைக் கீழே மடக்கினால், தோட்டா போடும் உருளையான சிலிண்டரின் பின்பக்கம் தெரியும். துருப்பிடித்து இறுகியிருந்தால் பலம் காட்டாதீர்கள், அப்படியே விடுங்கள்.

அடுத்து காகிதம். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் ஆயுதத்தைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1959 ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. இருபது வருஷம் தாமதம்தான். ஆனால் நீங்களாகப் போய்ச் சொல்வதற்கும், அவர்கள் வந்து எடுப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு, எப்போது, எங்கே கிடைத்தது என்று எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். தாத்தாவின் பழைய லைசென்ஸ் புத்தகத்தைத் தேடுங்கள். ரிவால்வரைவிட அதற்குத்தான் இப்போது மதிப்பு. அது கிடைத்தால், இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு சேர்த்து வாரிசு லைசென்சுக்கு மனு போடலாம்.

இன்னொன்று, அது என்ன வாய், அதாவது குழலின் உள்ளளவு எத்தனை அங்குலம் என்று பார்க்க வேண்டும். .455 தோட்டாவோ, ராணுவத்தின் .380 தோட்டாவோ ஏறுமானால் அது தடைசெய்யப்பட்ட ரகம். அதற்கான லைசென்ஸ் கலெக்டர் கையில் இல்லை, டெல்லியில் உள்துறை அமைச்சகத்திடம். பழைய வெப்ளிகளில் பாதி இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். .32 என்றால் உங்களுக்கு யோகம்.

மன்னார்குடி: அப்பாவுக்கு 74 வயது. அவர் பேரில் .32 இருக்கிறது. அவர் இருக்கும்போதே என் பேருக்கு மாற்ற முடியுமா சார்?

முடியும். 2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலும், துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலும், எது முதலில் வருகிறதோ அப்போது தன் வாரிசு ஒருவரைச் சொல்லலாம். லைசென்ஸ் உங்கள் பேரில் புதிதாக வர வேண்டும். பெயரை அடித்து எழுதும் கதையில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், வாரிசுச் சொத்தையும் சேர்த்து. லைசென்ஸ் 5 வருஷம் செல்லும்.

திருவாரூர்: ஒரிஜினலா நாட்டு வேலையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்குப் பிடித்த கேள்வி. பெயரை நம்பாதீர்கள். பெயரை எந்த ஆசாரியும் வெட்டிவிடுவான். சோதனை முத்திரையைப் பாருங்கள். இங்கிலாந்தில் ஒரு துப்பாக்கி விற்பனைக்கு வருமுன், வழக்கத்தைவிட அதிக மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். பர்மிங்ஹாமில் அந்தச் சோதனைச் சாலை 1813இலிருந்து இருக்கிறது. 1904க்குப் பிறகு அங்கே சோதித்தவற்றில் கிரீடத்துக்குக் கீழே பி.பி., பி.வி., என்.பி. என்ற எழுத்துகள் இருக்கும். இதில் என்.பி. முக்கியம். புகையில்லா மருந்தைத் தாங்கும் என்பதற்கு அதுதான் சாட்சி. அது இல்லாவிட்டால் கரும்பொடிக் காலத்துத் துப்பாக்கியாக இருக்கலாம், இன்றைய தோட்டாவுக்கு வெடித்துச் சிதறலாம். வெப்ளியின் முதல் ராணுவ மாதிரி 1887. ஆறாம் மாதிரி, முதல் உலகப் போருக்குப் போனது, 1915. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும்.

மேல்நோக்கிய அம்புக்குறி இருந்தால் ஒருகாலத்தில் சர்க்கார் சொத்து. முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ.எல்.ஜி. என்று இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனை. அந்த ஊரில் மற்ற கம்பெனி மாடல்களைப் பார்த்து ஏராளமாகச் செய்து தள்ளினார்கள். போலி என்று ஒதுக்க வேண்டாம், நல்ல வேலையும் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அதிகாரியின் சொந்த ரிவால்வரைப் பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்று எமரித் தாளால் தேய்த்து, முத்திரையில் பாதியை அழித்துவிட்டேன். அவர் திட்டவில்லை. எதிரே உட்காரவைத்து, அந்த முத்திரை எப்படி இருந்தது என்று தாளில் வரையச் சொன்னார். சாயங்காலம் வரை வரைந்தேன். இந்த எழுத்தெல்லாம் மனப்பாடம் ஆனது அப்படித்தான்.

காரைக்கால்: எங்கள் வீட்டில் இருப்பதில் சிலிண்டர் வலப்பக்கமாகச் சாய்ந்து வெளியே வருகிறது. குழலில் ஓர் ஆண்டு இருக்கிறது, 1890களில்.

பிரெஞ்சுக்காரன் விட்டுப் போனது. 1892 மாதிரி, சேந்த் எத்தியேன் ஆலையில் செய்தது, 8 மில்லிமீட்டர். சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும் மற்ற ரிவால்வர்களில் பெரும்பாலும் அது இடப்பக்கம் வரும், இதில் வலம். இதன் இடப்பக்கத் தகடு ஜன்னல் கதவு மாதிரி கீலில் திறக்கும். உள்ளே விசை, ஸ்பிரிங் எல்லாம் கண்காட்சி போலத் தெரியும். நான் பார்த்ததில் இதைவிட அழகாக யோசித்துச் செய்த ரிவால்வர் இல்லை. ஆனால் 1954 நவம்பரில் நிர்வாகம் கைமாறியபோதே பிரெஞ்சுக் காகிதத்தின் காலம் முடிந்தது. இந்தியச் சட்டம்தான். அதனால் பாபநாசத்துத் தம்பிக்குச் சொன்னதே உங்களுக்கும். 'பழங்காலப் பொருள், லைசென்ஸ் வேண்டாம்' என்று யாராவது சொன்னால் 45ஆம் பிரிவை முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. உங்களுடையதை நான் அரை நாளில் சுட வைத்துவிடுவேன், அப்புறம் எங்கே விலக்கு?

திருவையாறு: லைசென்ஸ் சரியாக இருக்கிறது. துரு எடுப்பது எப்படி? அப்பா தேங்காய் எண்ணெய்தான் போடுவார்.

அப்பாவின் எண்ணெய்தான் பாதி வியாதி. தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் நாளாக ஆகப் பிசினாகிவிடும். உள்ளே சுத்தியல் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறட்டும், மரப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு. பிறகு பித்தளைப் பிரஷ். மேல் துருவுக்கு மிக மெல்லிய இரும்புப் பஞ்சில் எண்ணெய் தோய்த்து, பூனையைத் தடவுவதுபோல் தடவ வேண்டும். சிவப்புத் துரு போகும், அடியில் உள்ள பழைய கறுப்பு நிற்கும். அந்தக் கறுப்பை எடுத்துவிடாதீர்கள், நிக்கல் முலாம் பூசவும் கொடுக்காதீர்கள். கடைசியில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, துடைத்த பிறகும் மினுமினுப்பு மட்டும் இருக்கும் அளவுக்கு.

உடைந்த ஸ்பிரிங்குக்கு மட்டும் லேத் பட்டறைக்குப் போகாதீர்கள். உங்களிடம் லைசென்ஸ் இருந்தாலும், பழுது பார்க்கிறவனுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேருக்கும் கேஸ்.

தோலுறையில் போட்டு வைப்பதையும் விடுங்கள். ஐப்பசி கார்த்திகை ஈரத்தைத் தோல் குடித்து இரும்புக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும்.

வேதாரண்யம்: கஜா புயலில் பெட்டியோடு உப்புத் தண்ணீரில் மூழ்கியது. அன்றே துடைத்து எண்ணெய் போட்டோம். இப்போது உள்ளே பொரிந்திருக்கிறது.

உப்பின் மேலேயே எண்ணெய் போட்டுவிட்டீர்கள். முதலில் நல்ல தண்ணீரில், முடிந்தால் வெந்நீரில், நன்றாக அலச வேண்டும். துப்பாக்கிக்குத் தண்ணீரா என்று பதறுவார்கள். பழைய ராணுவத் தோட்டாவில் சுத்தியல் தட்டியதும் பற்றிக்கொள்ளும் எரிமுனையில் இருந்த ரசாயனமும் சுட்டபின் உப்பாகத்தான் குழலில் தங்கும். அந்தக் காலத்தில் சிப்பாய்கள் வெந்நீர் ஊற்றித்தான் கழுவினார்கள். சிலிண்டர் அறைகளுக்குள் குழி விழுந்திருந்தால் இனி சுட வேண்டாம்.

நீடாமங்கலம்: குளம் தூர்வாரும்போது துருக்கட்டியாக ஒன்று வந்தது. தட்டிப் பார்க்கலாமா?

கூடாது. வி.ஏ.ஓ.வுக்கும் ஸ்டேஷனுக்கும் சொல்லுங்கள். உள்ளே தோட்டா இருக்கலாம்.

ஒரத்தநாடு: தென்னந்தோப்பில் வைத்து ஒரு ரவுண்டு சுட்டுப் பார்த்தால் என்ன அண்ணே?

ரிவால்வர் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். நம் ஊரில் அதைத் தடுக்க என்ன இருக்கிறது? மேற்கே போனால் குன்று, பாறை. இங்கே வாய்க்கால் கரை இடுப்பளவு. அதற்கு அந்தப் பக்கம் நாற்று நடும் பெண்கள். தேங்கிய தண்ணீரில் சாய்வாகப் பட்ட குண்டு, சிறுவன் எறிந்த ஓட்டாஞ்சில்லு மாதிரி தத்திக்கொண்டு போகும். திருச்சியில் ரைஃபிள் கிளப் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

போகுமுன் வீட்டிலேயே இரண்டு சோதனை. காலி ரிவால்வரில் ஒரு விரலால் சிலிண்டரை லேசாகத் தடுத்துப் பிடித்து, சுத்தியலை மெல்லப் பின்னுக்கு இழுங்கள். சுத்தியல் முழுசாக ஏறி நிற்பதற்குள் சிலிண்டர் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டாவிட்டால் அறையும் குழலும் நேராக இல்லை, குண்டு விளிம்பில் சீவிக்கொண்டு போகும். அடுத்து சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை சரி. அந்த இடைவெளி வழியாகத்தான் தீ பக்கவாட்டில் சீறும், இடது கை விரல் அங்கே இருக்கவே கூடாது.

சுடும்போது சத்தம் 'பொத்' என்று மந்தமாகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கும், அடுத்தது குழலைப் பிளக்கும். தட்டியும் வெடிக்கவில்லை என்றால் முப்பது வினாடி இலக்கை நோக்கியே பிடித்திருங்கள். தாத்தா காலத்துத் தோட்டா வேண்டவே வேண்டாம். கான்பூர் ஆலை செய்யும் .32 ரிவால்வருக்கான தோட்டா உங்கள் .32க்கும் பொருந்துமா என்று ஆயுதக் கடையில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்; .32 என்ற பெயரிலேயே நீளம் வேறான தோட்டாக்கள் உண்டு. கான்பூர் ரிவால்வரே பழைய வெப்ளியின் சாடைதான், நடுவில் மடியும்.

பேராவூரணி: மயில் தொல்லை. ரிவால்வரால் விரட்டலாமா?

துப்பாக்கியும் போகும், நீங்களும் போவீர்கள். தகர டப்பா தட்டுங்கள்.

கும்பகோணம்: ஆயுத பூஜைக்கு வைத்துப் பொட்டு வைப்போம். தப்பில்லையே மாமா?

வையுங்கள், நானும் வைக்கிறேன். பொட்டை மரப்பிடியில் வையுங்கள், இரும்பில் வேண்டாம். சந்தனம் காயும்வரை ஈரம், குங்குமத்தில் என்ன கலந்திருக்கிறதோ யாருக்குத் தெரியும். மறுநாள் பார்த்தால் சரியாகப் பொட்டளவுக்குத் துரு வட்டம் இருக்கும். எங்கள் வீட்டு ரிவால்வரின் குழலில் அப்படி மூன்று வட்டம் இருக்கிறது, மூன்றும் அம்மா வைத்தவை. அதை மட்டும் நான் தேய்த்ததில்லை.