பதினாறு வயதுப் பையனுக்குக் கூடாரம் எதற்கு?

கேள்வி: என் வீட்டுக்காரர் பிறந்தது 1964 பிப்ரவரி 29. 1992-இலிருந்து ஒவ்வொரு லீப் ஆண்டும் வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, பழைய ரப்பர் தோட்டத்து ஆட்களை எல்லாம் கூப்பிட்டு விருந்து வைக்கிறோம். 2024-இல் பாதிப் பேர்கூட வரவில்லை. 2028-க்கு வேண்டாம் என்கிறார் அவர். இத்தனை வருடப் பழக்கத்தை விடுவதா? – வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: முதலில் அந்தக் கூடாரம். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வாசலில் ஒரு மைவி காரை நிறுத்தினாலே கேட்டைச் சாத்த முடியாது. ஆக, உங்கள் கூடாரம் நின்றது ரோட்டில். ரோட்டுக் கூடாரம் பற்றி முன்பு ஒருமுறை எழுதி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஆசிரியர் வீட்டில் கல்யாணமே நடக்காதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நடந்தது ஐயா, மண்டபத்தில் நடந்தது.

எதிர்வீட்டுக்காரர் நிலையை யோசியுங்கள். இரண்டு தெரு தள்ளிக் காரை விட்டுவிட்டு, அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உங்கள் விருந்தாளிகளுக்கு நடுவே புகுந்து வருகிறார். கரவோக்கேயில் யாரோ ஒரு மாமா சோகப் பாட்டை ஆரம்பித்து, வரி மறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். எதிர்வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் "வாங்க, சாப்பிட்டுப் போங்க" என்று ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு ஒரு தட்டைக் கையில் வைத்துவிடுகிறீர்கள். தட்டை வைத்துக்கொண்டு எப்படித் திட்டுவார்?

சரி, பிறந்தநாளுக்கு வருவோம். 2028-இல் உங்கள் வீட்டுக்காரர் கொண்டாட வேண்டியது பதினாறாவது பிறந்தநாள். இந்த நாட்டில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்கிற வயது. அந்த வயதுப் பையன், வீட்டில் ஊரைக் கூட்டினால் கூச்சப்படத்தான் செய்வான்.

அவராவது நாலு வருடத்துக்கு ஒருமுறை கேக் வெட்டினார். 1896 பிப்ரவரி 29-இல் பிறந்த முன்னாள் இந்தியப் பிரதமர் மொரார்ஜி தேசாய் முதல் பிறந்தநாளுக்கு எட்டு வருடம் காத்திருந்தார். 1900-இல் அந்தத் தேதியே கிடையாது. 1904-இல் ஒருவழியாக வந்தது. அதே நாளில்தான் பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி பிறந்தார். பூமி சூரியனைச் சுற்ற 365 நாளும் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் ஆகிறது. நாலு வருடத்துக்கு ஒரு நாளைக் கூட்டிக்கொண்டே போனால் கணக்கு மிஞ்சிவிடும். அதனால் நானூறு வருடத்தில் மூன்று லீப் நாளை விட்டுவிடுகிறார்கள். 2100-இலும் கிடையாது. அப்படி மிஞ்சிய கணக்கைச் சரிசெய்ய 1582-இல் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அக்டோபர் 4-க்கு மறுநாளை 15 ஆக்கிவிட்டார்கள். நடுவில் பிறந்தநாள் வைத்திருந்தவர்கள் அந்த வருடம் என்ன செய்தார்களோ! நாட்காட்டியே கணக்கு ஒத்துவராதபோது விட்டுவிடுகிறது. நீங்கள் ஒரு விருந்துக்குத் தயங்குகிறீர்கள்.

உண்மையில் தோட்டத்தில் இந்த நாளைக் கொண்டாட ஒரு நல்ல காரணம் இருந்தது. நாட்கூலி காலத்தில் பிப்ரவரி 29 அன்று பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) போனவருக்கு ஒரு நாள் கூலி கூடுதல். மாதச் சம்பளக் கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) அன்றைக்கு இலவசமாக வேலை பார்த்தார். அதற்கு யாரும் கேக் வெட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கூட்டம் குறைந்ததற்கு யார்மீதும் வருத்தப்படாதீர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாயின, பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். 2020-இல் 29-ஆம் தேதி சனிக்கிழமை. ஆனால் அன்றுதான் புதிய பிரதமர் யார் என்று அரண்மனை அறிவித்தது. உங்கள் கூடாரத்தில் யார் கேக்கைப் பார்த்திருப்பார்கள்? எல்லார் கண்ணும் கைபேசியில். 2024-இல் வியாழக்கிழமை, யார் லீவு போட்டு வருவார்கள்? 2028-இல் வருவது செவ்வாய்க்கிழமை. வருகிறவர்களிலும் பாதிப் பேர் சைவம். பிரட்டலை யார் சாப்பிடுவது?

இன்னொன்று. 'கூப்பிட்டு', 'வைக்கிறோம்' என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பிறந்தநாள்காரர் உங்கள் கடிதத்தில் பேசுவது ஒரே ஒரு இடத்தில், அதுவும் 'வேண்டாம்' என்று. என்னிடம் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது அம்மா.

பழைய ஆட்களைப் பார்க்க வேண்டுமா, தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போங்கள். எங்கெங்கோ போனவர்கள் அன்றைக்குத்தான் திரும்பி வருவார்கள். வருடா வருடம் நடக்கும், நாலு வருடம் காத்திருக்கவும் வேண்டாம். தேதி தெரியாவிட்டால் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பழைய தண்டலைக் கேளுங்கள். நன்கொடை ரசீதுப் புத்தகத்தையும் சேர்த்தே நீட்டுவார்.