குட்டி பல்பும் கொதிக்கும் பேனலும்: கேள்வி பதில்

கணினியில் பாவனையாகப் பறப்பதற்காக வீட்டிலேயே போயிங் 737 காக்பிட் கட்டுகிறவர்கள் கேட்டவற்றில், எச்சரிக்கை விளக்குகளின் சூடு பற்றிய கேள்விகளை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். என் மேல்பேனல், அதாவது விமானியின் தலைக்கு மேல் இருக்கும் சுவிட்ச் பலகை, பிரித்துப் போட்ட ஒரு விமானத்திலிருந்து வந்தது. அதில் இருப்பவை இழை பல்புகள்தான்.

கேள்வி: அரிசிமணியைவிடச் சற்றே பெரிய பல்பு. இதற்கு இவ்வளவு கவலை தேவையா?

தேவை. 387 வகைப் பல்பு 28 வோல்ட்டில் 0.04 ஆம்பியர் இழுக்கும். பெருக்கினால் 1.12 வாட். அதில் வெளிச்சமாவது சொற்பம், மற்றதெல்லாம் சூடு. என் பேனலில் விளக்குக்கு இரண்டு பல்புகள். ஐம்பது விளக்குகள் சேர்ந்து எரிந்தால் 112 வாட். நூறு வாட் குண்டு பல்பைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு அந்த அளவு புரியும்.

விமானத்தில் இது பெரிய தொல்லையாவதில்லை. பறக்கும்போது இந்த எச்சரிக்கை விளக்குகளில் பெரும்பாலானவை அணைந்தே இருக்கும். நாமோ இன்ஜின் ஓடாத நிலையில் மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் வயரிங் பார்க்கிறோம். அப்போது புரோப் ஹீட் (வெளிப்புற உணரிகளைச் சூடாக்கும் அமைப்பு) வரிசையில் மட்டும் எட்டு மஞ்சள் விளக்குகள் விடாமல் எரியும். ஹைட்ராலிக், எரிபொருள் பம்ப் விளக்குகள் வேறு.

முதல் பேனலுக்கு விளக்குக் கூடுகளை பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் 3டி அச்சிட்டிருந்தேன். எல்லா விளக்குகளையும் எரியவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் இனிப்பு கருகுவதுபோல் வாசனை வந்தது. ஒரு விளக்கின் மஞ்சள் மூடியை அழுத்தினேன். உள்ளே போனது, திரும்பி வரவில்லை. கூட்டின் சுவர் பக்கவாட்டில் சாய்ந்து மூடியைக் கவ்விக்கொண்டிருந்தது. பிஎல்ஏ 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். விளக்கு இருக்கும் இடத்தில் பிஎல்ஏ வேண்டவே வேண்டாம்.

கேள்வி: 28 வோல்ட் சப்ளை கிடைக்கவில்லை. 24 வோல்ட் போதுமா?

போதும் என்பதைவிட, அதுவே நல்லது. சூடு ஏறத்தாழ முக்கால் பங்காகக் குறையும், பல்பின் ஆயுள் ஏறத்தாழ ஆறு மடங்காகும். வெளிச்சம் 60 சதவீதமாகக் குறையும். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பறப்பவருக்கு அது தாராளம். பேனலுக்கு ஒரு பியூஸ் போடுங்கள்.

கேள்வி: விளக்குகளை எரியவைத்து அணைக்கும் எட்டு வழி யுஎல்என்2803 சிப் அடிக்கடி போய்விடுகிறது. பல்புச் சூடுதான் காரணமா?

இல்லை, பல்பின் குளிர்ச்சிதான் காரணம். அணைந்திருக்கும் இழையின் மின்தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். இரண்டு பல்புகளுக்கு 0.08 ஆம்பியர் என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். சுவிட்சைப் போட்ட கணத்தில் அது 0.8 வரை பாயலாம். அந்தச் சிப்பின் ஒரு வழிக்கு உச்ச வரம்பே 0.5 ஆம்பியர். அதற்குப் பதில் விளக்குக்கு ஒரு மாஸ்பெட் (சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வைத்துவிடுங்கள். எப்போதும் சிறிது மின்னோட்டம் விட்டு இழையை வெதுவெதுப்பாக வைத்திருப்பது பழைய வழி. சூட்டைக் குறைக்க நினைப்பவர் அதைத் தொட வேண்டாம். பியூஸ் இருக்கிறதா?

கேள்வி: விசிறியை எங்கே வைப்பது?

பேனலின் மேல் விளிம்பில், காற்றை வெளியே இழுக்கும்படி. கீழ் விளிம்பில் துளைகள் விடுங்கள்.

கேள்வி: பிஎல்ஏவில் அச்சிடலாமா?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: எல்இடி போட்டால் எல்லாம் தீர்ந்தது. ஏன் இந்தப் பிடிவாதம்?

பேனல் எழுத்துகளுக்குப் பின்னால் எரியும் 5 வோல்ட் பல்புகளை நானும் எல்இடிக்கு மாற்றிவிட்டேன். அவை பறக்கும் நேரம் முழுவதும் எரிபவை, சூட்டில் பெரும்பங்கு அவற்றுடையது. எச்சரிக்கை விளக்கு வேறு. இழை மெல்லச் சிவந்து எழும், மெல்ல அடங்கும். அந்த நொடிப்பொழுது மலர்ச்சிக்காகத்தான் உண்மையான பேனலைத் தேடி வாங்கினேன்.

கேள்வி: அந்த ஏற்ற இறக்கத்தை மென்பொருளிலேயே கொண்டுவரலாமே? கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

ஏற்ற இறக்கத்தைக் கொண்டுவரலாம், ஒப்புக்கொள்கிறேன். நிறத்தை அப்படிக் கொண்டுவர முடியாது. மஞ்சள் மூடி, சிவப்பு மிகுந்த இழை வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்டது. குளிர்வெள்ளை எல்இடியில் நீலம் அதிகம், சிவப்பு குறைவு. அதை அந்த மூடிக்குப் பின்னால் வைத்தால் எலுமிச்சை நிறம் தட்டும். மங்கலாக்கும்போது இழை இன்னும் சிவக்கும், எல்இடி அதே நிறத்தில் நிற்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எரியவைத்துப் பாருங்கள், பிறகு பேசலாம்.

கேள்வி: என் அறையில் ஏசி இல்லை. அப்போதும் இழை பல்பைத்தான் சொல்வீர்களா?

மாட்டேன். உங்களுக்கு எல்இடிதான். வெதுவெள்ளையாக வாங்குங்கள், ஒவ்வொன்றுக்கும் மின்தடையம் சேருங்கள். முனை மாற்றிச் செருகினால் எரியாது. அணைத்த பிறகும் லேசாக மினுங்கினால், கசியும் மின்னோட்டம் அது. குறுக்கே ஒரு மின்தடையம் போட்டால் நிற்கும்.

கேள்வி: ஏர்பஸ் பேனலுக்கும் இதே கணக்கா?

நான் ஏர்பஸ் பேனலைப் பிரித்ததில்லை. பிரித்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: 24 வோல்ட், 10 ஆம்பியர் சப்ளையில் நேரடியாக இணைத்துவிட்டேன். பியூஸ் கட்டாயமா?

கட்டாயம். எங்காவது வயர் உரசினால் அந்தப் பத்து ஆம்பியரும் தலைமுடி போன்ற கம்பியில் பாயும். தீ உங்கள் தலைக்கு மேலேயே பிடிக்கும். இன்று சப்ளையைக் கழற்றி வைத்துவிடுங்கள். பியூஸ் வாங்கி வந்த பிறகு மாட்டலாம்.