அரிஸ்டாட்டிலிலிருந்து நேராகக் காண்டுக்கா?

நண்பரே, அறவியல் வரலாறு பற்றிய ஆய்வேட்டில் அரிஸ்டாட்டிலை முடித்ததும் 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மெய்யியலாளர் காண்டுக்குத் தாவிவிட்டீர்கள். நடுவில் 2,000 ஆண்டு எங்கே என்று நெறியாளர் கேட்கிறார். எல்லாம் படிக்க நேரமில்லை என்கிறீர்கள். சரி, எல்லாம் வேண்டாம். இடைக்காலத்துக்குக் கிறித்தவ இறையியலாளர் அக்வினாஸ் ஒருவரை இரண்டு பத்தியில் சொல்லிவிடுங்கள். பாரத்தை 17ஆம் நூற்றாண்டின் சட்ட, அரசியல் சிந்தனையாளர்கள் மேல் வையுங்கள் (அடைப்பில் இருப்பது முக்கிய நூல் வந்த ஆண்டு): குரோஷியஸ் (1625), ஹாப்ஸ் (1651), பூஃபெண்டோர்ஃப் (1672). கடைசியவர் கொஞ்சம் வறட்சிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். 'நல்வாழ்வு எது?' என்ற பழைய கேள்வி பின்னுக்குப் போய், 'என்னைக் கட்டுப்படுத்தும் சட்டம் எது, அதை இட்டவர் யார்?' என்பது முன்னுக்கு வருவதை இவர்களிடம் பார்க்கலாம். அப்புறம், அந்தச் சட்டத்தைப் பகுத்தறிவு தனக்குத் தானே இட்டுக்கொள்கிறது என்று 1785இல் காண்ட் சொல்வது வானத்திலிருந்து குதித்ததாகத் தோன்றாது. காண்டுக்குச் சற்று முந்தைய ஸ்காட்லாந்து மெய்யியலாளர் ஹியூமை மட்டும் விட்டுவிடாதீர்கள், வாய்மொழித் தேர்வில் நிச்சயம் கேட்பார்கள்.