ரஸாவின் கருப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓவியம் பயிலும் என் மகளுடன் ஜெய்ப்பூர் ஹவுஸிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்துக்குப் போயிருந்தேன். நவீன ஓவியர் எஸ்.எச். ரஸாவின் பிந்து (புள்ளி) ஓவியம் ஒன்றின் முன் வெகுநேரம் நின்றும் எனக்குள் எதுவும் நிகழவில்லை. ஆர்.கே. புரம் மலை மந்திரில் முருகன் முன் நிற்க எனக்கு எவருடைய விளக்கமும் தேவைப்பட்டதில்லை. அறுபது ஆண்டுகள் பிரான்சில் வாழ்ந்தவர் வட்டமும் முக்கோணமும் தீட்டிச் சம்ஸ்கிருதப் பெயர் வைத்தால் அது ஆன்மிகமாகிவிடுமா? சந்தைக்காகச் சூடிக்கொண்ட வேர்தானே இது என்கிறாள் மகள்.

ஒரு வாசகர், மயூர் விஹார், தில்லி

அன்புள்ள நண்பருக்கு,

பெயர் வைப்பதால் எந்த ஓவியமும் ஆன்மிகமாகிவிடாது. வட்டமும் முக்கோணமும் எவரும் எடுத்தாளக்கூடியவை. அவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் மகளின் ஐயம் நியாயமானதே. ஆனால் ரஸா சின்னத்திலிருந்து நிறத்துக்கு வந்தவர் அல்லர். நிறத்தோடு பல பத்தாண்டுகள் போராடி, அதன் வழியாகவே பிந்துவை அடைந்தவர்.

1922இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மண்டலா மாவட்டத்தில் வனத்துறை அலுவலர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1947இல் பம்பாயில் ஓவியர்கள் சூசா, உசேன் முதலியோருடன் முற்போக்குக் கலைஞர் குழுவைத் தொடங்கி, 1950இல் பிரான்சுக்குப் போனார். அங்கே அவர் தீட்டியவை பெரும்பாலும் பிரெஞ்சு நிலக்காட்சிகள். அவற்றின் வழியே கிடைத்த மதிப்பால் 1956இல் அந்நாட்டு விமர்சகர்களின் விருதும் வந்தது. சந்தையே இலக்கு என்றால் அவர் அங்கேயே நின்றிருக்கலாம்.

அவர் நிற்கவில்லை. 1962இல் அமெரிக்காவில் கற்பிக்கச் சென்று அந்நாட்டு அரூப ஓவியர் மார்க் ரோத்கோவின் ஓவியங்களை அறிந்த பிறகு, அவர் படங்களிலிருந்து வீடுகளும் தேவாலயங்களும் கரையத் தொடங்கின. எழுபதுகளில் ராஜஸ்தானை நினைந்து தீட்டிய படங்களில் குங்குமச் சிவப்பும் மஞ்சளும் காவியும் கருப்பின் நடுவிலிருந்து கனன்று எழுகின்றன. பழைய சிற்றோவியங்களின் ஓரப்பட்டைகளை நினைவூட்டும் விளிம்புகள் அந்தக் கொந்தளிப்பைக் கட்டி நிறுத்துகின்றன. அங்கே கருப்பு நிழலாக இல்லை, பிற நிறங்கள் பிறந்து வரும் இடமாக இருக்கிறது. அதை அவர் தாய் நிறமாகவே கருதினார்.

பள்ளியில் மனம் அலைபாய்ந்த சிறுவன் ரஸாவுக்கு ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியிட்டு அதையே பார்க்கச் சொன்ன நிகழ்ச்சியைத்தான் பிந்துவின் தோற்றுவாயாக எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். ரஸாவே அதைச் சொன்னவர்தான். எனக்கோ, அவர் சொன்ன இன்னொன்று அதைவிட முக்கியமாகப் படுகிறது. காட்டின் இரவுகள் தம்மை மிரட்டியதையும், கோண்டு பழங்குடி மக்களின் ஆட்டமே அப்போது மனிதத் துணையாக இருந்ததையும், விடிந்த பிறகே அச்சம் நீங்கியதையும் அவர் பதிவுசெய்திருக்கிறார். சிறுவயதில் எதிர்கொள்ள முடியாத அந்த இருளை, அறுபதை நெருங்கும் வயதில் ஒரு வட்டமாகத் திரட்டி, நடுவில் வைத்து, நேருக்கு நேர் பார்க்க அவரால் முடிந்தது என்பதையே நான் அவருடைய ஆன்மிகம் என்பேன். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த அவருக்குப் பிந்து எப்படிச் சொந்தமாகும் என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் காடும் நர்மதையும் மதம் கேட்டு அவருக்குள் நுழையவில்லை.

பிற்காலத்தில் அதே வடிவங்கள் அளவுக்கு மீறித் திரும்ப வந்தன என்பதையும், அவற்றுள் சில வெறும் அமைப்பாகவே நின்றுவிட்டன என்பதையும் நான் மறுக்கமாட்டேன். நீங்கள் பார்த்தது அப்படி ஒன்றாகக்கூட இருக்கலாம்.

அடுத்த முறை முதலில் ஜன்பத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய், மேவார், மாள்வா சிற்றோவியங்களில் நிழலே இல்லாத சிவப்பு எப்படித் தட்டையாக நின்று ஒளிர்கிறது என்பதை மகளோடு நிதானமாகப் பாருங்கள். பிறகு ஜெய்ப்பூர் ஹவுஸுக்குச் சென்று, தலைப்பைப் படிக்காமல், ரஸாவின் கருப்புக்கு அருகில் அவர் எந்த நிறத்தை வைக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். அப்போதும் ஒன்றும் நிகழாவிட்டால் மறுபடி எழுதுங்கள்.